சாமிதான் மலையேறும், நீ எதுக்குடா?

வாடா பேராண்டி, உக்காரு. முதுகு மூட்டையை மொதல்ல எறக்கி வை. என்னடா இது, பையிலேருந்து குழா ஒண்ணு வளைஞ்சு வந்து வாய்கிட்ட தொங்குது? தண்ணி உறிஞ்சிக்கிட்டே நடக்கலாமா! ஏன், நின்னு குடிச்சா மலை ஓடியா போயிடும்?

சரி, மூஞ்சியைத் தூக்காதே. ஞாயித்துக்கிழமை நீ மலையேறப் போறேன்னு உங்கம்மா சொன்னா. நீ மேசை மேல வச்சுட்டுப் போன நோட்டீஸையும் படிச்சேன். கண்ணாடி போட்டா எனக்கு எழுத்து இன்னும் தெரியுது. உடலுக்குச் சவால், மனசுக்குச் சவால், ஆன்மாவுக்குச் சவால்னு வரிசையா மூணு போட்டு, அடியில தலைக்கு 4,500 ரூபாய்னு போட்டிருக்கான். பிரிச்சுப் பாத்தா சவால் ஒண்ணு 1,500. ஆன்மா வேணாம், மத்த ரெண்டு மட்டும் போதும்னா கொறைச்சுக்குவாங்களான்னு கேட்டியா? கேக்க மாட்டே. கத்திரிக்காய்க்காரம்மாகிட்ட மட்டும் அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிப்பே.

எந்த மலைன்னு கேட்டா, மாகடிப் பக்கம் சாவனதுர்கான்னு சொல்றே. பேர்லயே சாவு இருக்கேடா. கன்னடத்துலயும் சாவுன்னா சாவுதான். சாவுக்கோட்டைன்னு அர்த்தம் சொல்றவங்க உண்டு. திப்பு காலத்துல அது பெரிய கோட்டை. 1791 டிசம்பர்ல வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து பிடிச்சது. கோட்டையில இருந்தவனுக்குச் சோறு போட்டாங்க, ஏறி வந்தவனுக்குச் சம்பளம் குடுத்தாங்க. கையிலேருந்து காசு கட்டி ஏறுறவன் நீதான்.

ரெண்டு குட்டா இருக்கும் அங்க. ஒண்ணு கரி குட்டா, ஒண்ணு பிளி குட்டா. கருப்பும் வெள்ளையும். ஏதோ மண்ணு மேடுன்னு நெனைக்காதே, அத்தனையும் ஒத்தைக் கல்லு. யானை முதுகு மாதிரி மொழுக்குன்னு கெடக்கும். மாசி வெயில்ல அந்தப் பாறை தோசைக்கல்லு, கார்த்தி மழையில பாசி பிடிச்ச கெணத்துப் படி. ஒசரம் எவ்வளவுன்னு பாத்தியா? 1,226 மீட்டர்னு நீயே போன்ல காட்டுனே. நல்லாக் கேட்டுக்கோ. இந்தப் பெங்களூர் சீமையே கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டர் ஒசரத்துலதான் கெடக்கு. அப்ப 900 மீட்டரை உன்னை வயித்துல சொமந்தப்பவே உங்கம்மா ஏறிட்டா. பாக்கி முந்நூத்திச் சொச்சந்தான் உனக்கு. ஆனா ஊருக்குப் போய் 1,226னுதானே சொல்லுவே?

நம்ம அத்திபெலேல மலை ஏதுடா? இந்த அடுக்குமாடி நிக்கிறது நம்ம ராகிக் கொல்லை. அந்தாண்ட நீலகிரி மரத் தோப்பு. கொல்லையில மேடுன்னா எருக்குப்பைதான். அந்தாண்ட 44ஆம் நம்பர் ரோடு, ஸ்ரீநகர்லேருந்து கன்னியாகுமரிக்குப் போவுது. ஒரு முனையில இமயமலை, மறு முனையில சமுத்திரம், நடுவுல நாம டோல்கேட்டுல வண்டி புகையைக் குடிச்சுக்கிட்டு நிக்கிறோம். எல்லை தாண்டி ஓசூர் போனா சந்திரசூடேஸ்வரர் மலை. சிவன் அங்க உடும்பா வந்ததாவும், அம்மா தொரத்திப் பிடிச்சதாவும் கதை சொல்வாங்க. உனக்கு மலையேற சொல்லிக்குடுக்குறதுக்கு உடும்பை விட நல்ல வாத்தியார் எவன்டா? ஆனா நீ போன வருஷம் தேருக்கு வந்தப்ப காரை மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, இறங்கி நாலு எட்டு வச்சு, "தாத்தா, வெயில்"னே. அந்தப் படிக்குக் காசு வாங்க மாட்டாங்க பாரு, அதான் சவாலாத் தெரியல.

நம்ம பேச்சுல மலையேறுறது யாருன்னு யோசிச்சிருக்கியா? மாரியம்மன் கோயில்ல சாமி வந்து ஆடுற பொம்பளை, கற்பூரம் காட்டினதும் ஓய்ஞ்சு கீழ விழுறாளே, அப்ப பூசாரி என்ன சொல்லுவாரு? "சாமி மலையேறிடுச்சு"ம்பாரு. வெளக்கு அணைஞ்சா உங்க பாட்டி அணைஞ்சுதுன்னு சொல்ல மாட்டா, மலையேறிடுச்சும்பா. ஓட்டல்ல எட்டணாவுக்குச் சாப்பாடு போட்ட காலமும் மலையேறிப் போச்சு. ஆக மலையேறுறது சாமி, வெளக்கு, போன காலம். அந்த வரிசையில இப்ப நீ போயி நிக்கிறே. போறதெல்லாம் திரும்பி வராத எடம்டா அது, சொல்லி வைக்கிறேன்.

பாட்டி அடிக்க வர்றா. சும்மா சொன்னேன்டி, உள்ள போ.

நான் ஏறுன கதையைச் சொல்லட்டா? எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருஷம். எனக்கு 24 வயசு. ஒரு பங்காளி தொணையோட சேலம் போயி, கோயமுத்தூர் போயி, பூண்டி அடிவாரத்துக்குப் போய்ச் சேந்தோம். வெள்ளியங்கிரி. ஏழு மலை. ஒண்ணு ஏறி எறங்கி அடுத்ததுன்னு இல்ல, ஒண்ணு தோள் மேல ஒண்ணு ஒக்காந்திருக்கும். அடிவாரத்துல மூங்கில் தடி விப்பாங்க. நான் வேணாம்னுட்டேன். ஏர் ஓட்டுறவனுக்குத் தடி எதுக்குன்னு ஒரு மப்பு. மொத மலை பூரா கல்லு படி. படின்னா உங்க ஆபீஸ் படி இல்ல, ஒண்ணொண்ணும் முழங்கால் ஒசரம். வெள்ளை விநாயகர் கோயிலுக்குப் போறதுக்குள்ள மப்பு வேர்வையில எறங்கிடுச்சு. பங்காளி அவன் தடியை நடு மலையில எனக்குக் குடுத்தான். வாங்கிக்கிட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் ஊர்ல சொன்னதில்ல. நீயும் சொல்லாதே.

தடி எதுக்குன்னு ஏறும்போது முழுசாப் புரியல, எறங்கும்போது புரிஞ்சுது. ஏறும்போது தொடைச் சதை சுருங்கி ஒடம்பைத் தூக்கும். எறங்கும்போது அதே சதை இழுபட்டுக்கிட்டே ஒடம்பு பூராவையும் தாங்கிப் பிடிக்கணும். அதுல நாருக்கு நார் லேசா கிழியும்ங்கிறா நம்ம முழங்கால் டாக்டரம்மா. அதான் அன்னிக்கு வலிக்காம ரெண்டாம் நாள் வலிக்குது. காலு தந்தியடிக்கும்னு கேள்விப்பட்டிருப்பே. எனக்கு முழு ராமாயணத்தையும் அடிச்சுது. ஊர் வந்து மூணு நாள், கொல்லைப் பக்கம் போயி குந்துனா எந்திரிக்க முடியல. பங்காளி வந்து கை குடுத்துத் தூக்குவான். உடலுக்குச் சவால்னு நோட்டீஸ்ல போட்டிருக்கானே, அதுக்குக் கீழ இதையும் ஒரு வரி போடச் சொல்லு.

மேல போகப் போக பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனைன்னு ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பேர். அஞ்சாவது மலையில ஒரு பெரிய உருண்டைப் பாறை. பேர் என்ன தெரியுமா? பீமன் களியுருண்டை. நான் ராகிக் களியைத் துணியில கட்டிக் கொண்டு போயிருந்தேன். ராத்திரிக் காத்துல அது கல்லா எறுகிப் போச்சு. அந்தப் பாறை அடியில ஒக்காந்து, பீமன் உருண்டை பெரிசா, எங்க ஆத்தா உருண்டை பெரிசான்னு பாத்துக்கிட்டு இருந்தவன், திடுதிப்புனு அழுதுட்டேன். வீட்டுல மாடு கன்னு போடுற நாள். எங்க அப்பா தனி ஆளு. கால்ல கொப்புளம், வாயில கல்லுக் களி, ஏண்டா வந்தோம்னு ஆயிடுச்சு. மனசுக்குச் சவால்னா ஏதோ சிங்கம் எதிர்ல வரும்னு நெனைச்சுக்காதே. நடு ராத்திரி ஒரு மாட்டு நெனைப்புதான் வரும்.

அப்பத்தான் அந்த ஆள் வந்தாரு. தோள்ல ஒரு பக்கம் சுக்குக் காப்பி கேனு, மறு பக்கம் டம்ளர் கட்டுன சாக்கு. பழைய வேட்டியை முறுக்கிச் சும்மாடா தோள்ல வச்சிருந்தாரு. கால்ல செருப்பு இல்ல. குதிகால் வெடிப்புல ஒரு படி கேவுரு மாவு அடைக்கலாம், அவ்வளவு பொளவு. "என்னண்ணே, எத்தனாவது நடை?"ன்னு கேட்டேன். அந்த ராத்திரிக்கு ரெண்டாவதாம். பொழுது விடியறதுக்குள்ள இன்னொண்ணு பாக்கணுமாம். ரொம்பக் கஷ்டமான்னேன். ஒரு நிமிசம் நின்னு யோசிச்சாரு. "எறங்கும்போது கேனு காலி, லேசு"ன்னாரு. அவ்வளவுதான். காசை மடியில முடிஞ்சிக்கிட்டு மேல போயிட்டாரு. நாங்க தடியை ஊனிக்கிட்டு அவருக்குப் பின்னால.

மேல சாமியைப் பாத்தியா, ஆன்மா என்ன சொல்லுச்சுன்னு கேக்குறே. பாத்தேன். ஏழாவது மலையில பாறை இடுக்குல இருக்காரு. மேகம் நம்ம காலுக்குக் கீழ கெடந்துது. கும்பிட்டு நின்னா, பசிச்சுது. மாடு நல்லபடியாக் கன்னு போடணும்னு வேண்டிக்கிட்டேன். கெடேறி போட்டுச்சு. உன் காலேஜு பீஸு கட்டுனது அதோட பேத்தி பால்லதான்னு உங்கப்பன் சொல்லியிருக்கானா?

இப்பவும் வெள்ளியங்கிரிக்கு மாசியிலேருந்து வைகாசி வரைக்கும் ஜனம் போகுது. பாரஸ்ட்காரங்க பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குறாங்க. திருப்பிக் கொண்டாந்து காட்டுனாத்தான் காசு. அதைச் சவாலுன்னு ஒருத்தனும் போட்டோ போடல.

எவரெஸ்டைப் பத்தி ஆரம்பிக்கப் போறே, உன் மூஞ்சியிலயே தெரியுது. எனக்குந் தெரியும்டா. 1953, மே 29. ரெண்டு பேர். எட்மண்ட் ஹிலாரி நியூசிலாந்துக்காரர், ஊர்ல தேனீ வளர்த்தவர். டென்சிங் நார்கே மாட்டுக்காரர் மகன், நம்ம கெடேறிக்குச் சொந்தக்காரர் மாதிரி ஒரு மாடு, யாக்கு. அந்த டென்சிங் மொதமொதல்ல எவரெஸ்டுக்குப் போனது 1935ல, மூட்டை தூக்குற கூலியா. அதுக்கப்பறம் விடாம போயி, ஏழாவது தடவைதான் உச்சி. சுக்குக் காப்பி கேனுக்காரருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரிதான் எனக்குத் தோணுது. மேல போயி என்ன செஞ்சாரு? பனியில குழி பறிச்சு, மிட்டாயி, பிஸ்கோத்து, மக குடுத்தனுப்புன பென்சில் எல்லாத்தையும் சாமிக்குப் படைச்சாரு. நாம தேங்கா பழம் வைக்குற மாதிரி. ஹிலாரி பக்கத்துல ஒரு சின்னச் சிலுவையை வச்சாரு.

இன்னொண்ணு கேளு, உனக்காகத்தான் ஞாபகம் வச்சிருக்கேன். உச்சியில டென்சிங் கொடி தூக்கி நிக்குற படம் இருக்கு. ஹிலாரி நிக்குற படம் கெடையாது. கேமரா ஹிலாரி கையில. ஒலகத்துலயே மொதல்ல ஏறுனவருக்கு ஏறுனதுக்குப் படம் இல்ல, ஒலகம் நம்புச்சு. நீ நந்தி மலைக்குக் கார்ல போயிட்டு நாப்பத்திரெண்டு போட்டோ போட்டிருந்தே. உங்க சித்தி அப்பவும், "அது கேட்டுப் பக்கத்துல எடுத்ததுதானே?"ன்னு கேட்டா.

இப்ப எவரெஸ்டுக்கு நேபாளம் கேக்குற அனுமதிக் காசு மட்டும் 15,000 டாலர். நம்ம காசுல 12 லட்சத்துக்கு மேல. கெடேறி வாங்கி மேய்ச்சா பத்துத் தலைமுறைக்குப் பால். 2019ல உச்சிக்குக் கீழ கூட்டமா வரிசையில நிக்குற படம் வந்துதே, ரேஷன் கடைன்னு நெனைச்சு ஏமாந்துட்டேன். எட்டாயிரம் மீட்டருக்கு மேல மூச்சுக்காத்து நம்ம சமவெளியில கெடைக்குறதுல மூணுல ஒரு பங்குதானாம். அந்த எடத்துல க்யூவுல நிக்குறாங்க. ஆனா ஒண்ணு, எல்லாரையும் கிண்டல் பண்ண மாட்டேன். 2023 மே மாசம் நம்ம விருதுநகர்ப் பக்கத்துப் பொண்ணு முத்தமிழ்செல்வி ஏறிட்டு வந்துச்சே, தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல மொத ஆளு, பிள்ளை பெத்த தாய். அதைக் கேட்டப்ப இந்தக் கெழவன் மீசையைத் தடவிக்கிட்டேன். நான் ஏறாத மலையில எனக்கென்ன மீசைன்னு உங்க பாட்டி கேட்டா. கேக்கட்டும்.

மலையேறுறவனைப் பாக்கணும்னா சித்ரதுர்காவுக்குப் போடா. ஜோதிராஜ்னு ஒருத்தர். தமிழ்நாட்டுல பொறந்து இங்க வந்த பிள்ளை. கன்னடக்காரங்க அவரை கோத்தி ராஜ்ம்பாங்க. கோத்தின்னா கொரங்கு. கயிறு கெடையாது, ஒண்ணும் கெடையாது, வெறுங்கையில கோட்டைச் சுவத்துல ஏறுவாரு. உசுரை விட்டுடலாம்னுதான் ஒரு நாள் அந்தப் பாறையில ஏறுனாராம், அவரே சொல்லியிருக்காரு. கீழ நின்ன ஜனம் வித்தைன்னு நெனைச்சுக் கைதட்டிட்டாங்க. அந்தக் கைதட்டல்ல எறங்கி வந்தவரு, கொரங்கு எப்பிடிக் கை வைக்குது, எப்பிடிக் கால் மாத்துதுன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டாரு. ஜோக் அருவிப் பள்ளத்துல விழுந்தவங்க ஒடம்பைத் தேடி எறங்குவாரு. 2018ல அப்பிடி எறங்கினவரு அவரே மாட்டிக்கிட்டாரு, அவரைத் தேட ஒரு கூட்டம் எறங்குச்சு. ஆன்மான்னு நோட்டீஸ் அடிச்சவன் அந்த ஆள்கிட்ட 1,500 ரூபாய் கேட்டுப் பாக்கட்டும்.

அதே சித்ரதுர்கா கோட்டையில ஐதர் அலி ஆளுங்க பாறைச் சந்துல ஊர்ந்து வந்தப்ப, ஒபவ்வான்னு ஒரு அம்மா ஒலக்கையால ஒவ்வொரு தலையா போட்டுத் தள்ளுனாங்க. ஒனகெ ஒபவ்வான்னா ஒலக்கை ஒபவ்வா. ஐதர் ஆளுங்களும் ஏதோ சவால்னு நெனைச்சுத்தான் ஊர்ந்து வந்திருப்பாங்க, பாவம்.

சிரிச்சது போதும், இந்த ஒண்ணை மட்டும் சிரிக்காமக் கேளு. 2018 மார்ச் 11ந் தேதி, தேனிக்கு மேல குரங்கணி. மலையேறப் போன பிள்ளைங்க காஞ்ச புல்லுக்கு நடுவுல தீயில மாட்டிக்கிட்டாங்க. இருவது பேருக்கு மேல போயிட்டாங்க. உன்னை மாதிரி ஆபீஸ் போற பிள்ளைங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. தீ மேட்டுல ஏறுறப்பத்தான் வேகம், கொல்லையில சருகு கொளுத்துறவனுக்கெல்லாம் தெரியும். சரிவுல மனுசன் மேல ஓடுனா அது முந்திக்கும். ஓடுறதா இருந்தா பக்கவாட்டுல, இல்ல எரிஞ்சு முடிஞ்ச கருப்பு எடத்துக்கு. பாரஸ்ட்காரன் ரசீது எங்கன்னு கூட்டிட்டுப் போறவன்கிட்ட கேளு. தமிழ்நாட்டுல 2024லேருந்து கவர்மெண்டே நாப்பது வழி குறிச்சு, ஆள் கூட அனுப்புது. வெயில் காலத்துல மூடிடுறாங்க. மூடியிருக்குன்னா மூடியிருக்கு. பின்பக்கமா ஒரு வழி இருக்கு ப்ரோன்னு எவனாச்சும் சொன்னா, எனக்குப் போன் போடு. அவன்கிட்ட நான் பேசுறேன்.

மத்தபடி போயிட்டு வா. நகத்தை வெட்டிக்கோ, எறங்கும்போது ஷூ முனையில இடிச்சுக் கருப்பாப் போயிடும். புது ஷூவை நாலு நாள் முன்னாடியே போட்டு நட. என்ன வெலை? ஒம்பதாயிரமா! சரி, போட்டு நட. ராகிக் களி வேணாம், பிஸ்கோத்தே கொண்டு போ. ஏறும்போது வழியில மோர் விக்குறவன், வெள்ளரிக்கா விக்குறவன் இருந்தா பேரம் பேசாதே. உனக்கு முன்னாடி அவன் அந்த மூட்டையோட ஏறி ஒக்காந்திருப்பான். சபரிமலைக்கு நான் போனப்ப பம்பையிலேருந்து டோலியில ஒரு பெரிய மனுசனை நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. மேல போய்ச் சேந்ததும் அவரு, "அப்பாடா, ஏறிட்டேன்"னாரு. தூக்கினவங்க துண்டைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

என்னடி? யாரு கூப்புடுறா? கேஸ்காரப் பையனா?

லிப்டு மூணு நாளா வேலை செய்யல, கண்ணு. போன தடவையும் இதே கதைதான், அந்தப் பையன் மூணாவது மாடி வரைக்கும் தோள்ல தூக்கிட்டு வந்தான். நீ சோபாவுல ஒக்காந்து மலை படம் பாத்துக்கிட்டு, "அண்ணா, அங்க ஓரமா வச்சிடுங்க"ன்னே. வயசு உன்னை விடக் கம்மி அவனுக்கு. நான் பால்கனியில நின்னு பாத்தேன், தெருவுல இன்னும் பதினோரு வீடு பாக்கி.

இன்னிக்கு அவனைக் கீழயே வச்சுட்டுப் போகச் சொல்லிட்டேன். காசும் குடுத்தாச்சு. சிலிண்டரும் உள்ள இருக்குற கேஸும் சேந்து கிட்டத்தட்ட முப்பது கிலோ. அம்பத்தி நாலு படி, எண்ணியிருக்கேன். அந்தத் தண்ணிக் குழாப் பையைக் கழட்டி வை. போனையும் வை, படம் எடுக்க ஆள் இல்ல. உருட்டக் கூடாது, கீழ் வீட்டு அஜ்ஜி கத்துவா. இடது தோள்ல ஏத்தணும், வலது கை கம்பியைப் பிடிச்சுக்கணும், ரெண்டாவது மாடித் திருப்பத்துல மட்டும் ஒரு தடவை நிக்கலாம்.

இந்தா, துண்டைக் குடு இப்பிடி. சும்மாடு கட்டத் தெரியாதுல்ல உனக்கு? குனி.